ஓஸ் என்று முடிந்தால் சர்க்கரை

கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் தண்ணீர் முதலில் பச்சையானது. பிறகு மஞ்சளானது. வியாகுலம்மாள் இடுக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தோடு நின்றுவிடு என்று மனசுக்குள் அதட்டினாள். அது நிற்கவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் இன்னொரு கொதி கொதித்துச் செங்கல் நிறத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்து வெள்ளிக்கிழமைகளாக இதே செங்கல்தான்.

"இன்னாத்த துன்னே?" என்று கேட்டாள்.

வாசற்படியில் நின்றிருந்த அவள் புருஷன் சவரிநாதன், "நீ போட்டதத்தான் துன்னேன்" என்றார்.

அவளுடைய கோபத்துக்கு இந்தப் பதில் ஒன்றே போதும். திருடித் தின்றேன் என்று ஒத்துக்கொண்டால் ஒரு சண்டையோடு விஷயம் தீர்ந்துவிடும். இவரோ பூசையில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் குழாயில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அவர் காலையில் பிடித்துக் கொடுத்த மூத்திர பாட்டிலையும் கொல்லைப்புறமாக வீசினாள். அது உடைந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கூரைக்குப் போனது.

சவரிநாதன் ஹார்பரில் கிரேன் டிரைவர். சரியாகச் சொன்னால், இரண்டரை மாதம் முன்புவரை கிரேன் டிரைவர். ராயபுரம் பனைமரத்தொட்டியில் அந்த வீட்டுக்குப் பேரே கிரேன்காரர் வூடு. கப்பலின் வயிற்றிலிருந்து இரும்பையும் கோதுமையையும் எடுத்துக் கரையில் வைக்கிறவர் என்று வியாகுலம்மாள் குழாயடியில் சொல்லும்போது, அவரே கையால் தூக்கி வைக்கிறார் என்றுதான் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். ஒரே மகளை எண்ணூரில் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தியிடம் அவள் முதலில் சொன்னதும் கிரேனைப் பற்றித்தான். மகளின் பேரைப் பிறகுதான் சொன்னாள்.

அப்படி இருந்தவர் மழைக்காலத்தில் ஒரு நாள் தலை சுற்றுகிறது என்றார். கல்மண்டபத்து டாக்டர், காலையில் முதல் மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோனதில் சர்க்கரை இருந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டிலேயே இறக்கிவிடலாம், சோறு, கிழங்கு, இனிப்பு மூன்றையும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். சர்க்கரை இறங்கும்வரை உயரத்தில் ஏறக்கூடாது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்த ஆபீஸ்காரர்கள் சவரிநாதனுக்கு ஷெட் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, உள்ளே போகிற லாரிகளின் நம்பரை எழுதச் சொன்னார்கள்.

நாற்காலி என்ற சொல்லைக் கேட்டாலே வியாகுலம்மாளுக்கு உடம்பு எரிந்தது.

"சர்க்கரைய நான் எறக்கறேன். நீ கிரேன்ல ஏறு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

சூரியநாராயணா தெரு முனையில் பக்ருதீன் பாயின் மருந்துக் கடை. அங்கே நீலத் தண்ணீர் பாட்டிலும் கண்ணாடிக் குழாயும் இடுக்கியும் வாங்கினாள். நீலத் தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் வந்தால் ரொம்ப இருக்கிறது என்று பாய் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அரிசிப் பானை கவிழ்ந்தது. காலையில் இரண்டு முட்டை. மத்தியானம் காசிமேட்டுக் கவளை மீனும் கீரையும். சாயங்காலம் பாகற்காய். புருஷனைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் சோறு தின்பது பாவம் என்று அவளும் அதையேதான் சாப்பிட்டாள். இரண்டரை மாதமாகச் சோற்றைக் கண்ணால் பார்க்காத பொம்பளைக்கு எவ்வளவு கோபம் வரும் என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

சவரிநாதன் பாகற்காயை முகம் சுளிக்காமல் தின்றார். இடுப்பு வேட்டி இரண்டு சுற்று அதிகம் போனது. செங்கல் மட்டும் மாறவில்லை.

பாட்டிலை உடைத்த அன்றைக்குச் சாயங்காலம் வியாகுலம்மாள் தம்பி பெண்டாட்டி ஹில்டாவைக் கூப்பிட்டனுப்பினாள். ஹில்டா பீச் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் படிப்பாள். சமையலறை அலமாரியைச் சுற்றிப் பார்த்தவள், சவரிநாதன் காலையில் பாலில் கலக்கிக் குடிக்கிற மாவு டப்பாவை எடுத்தாள். நோயாளிகளுக்கு உகந்தது என்று முன்னால் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஹில்டா டப்பாவைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"அக்கா, இதுல பாதி சர்க்கரதான்" என்றாள்.

"எங்க கீது? சர்க்கரைன்னு போட்டுகீறானா?"

"அப்டிப் போட மாட்டாங்க. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோஸ்னு வேற வேற பேர்ல ஒளிச்சு வச்சிருப்பாங்க. ஓஸ்னு முடிஞ்சா சர்க்கரைன்னு வச்சிக்கங்க."

வியாகுலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் பேர் அம்புரோஸ். ஹில்டா சிரித்துவிட்டாள். வியாகுலம்மாள் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குப் பார்க்கவில்லை.

அன்று அந்த வீட்டிலிருந்து மாவு டப்பா போனது. இருமல் மருந்து போனது. சத்து டானிக் போனது. நோயாளிக்கென்றே செய்த பிஸ்கட் என்று அவள் நம்பி வாங்கி வைத்திருந்த பொட்டலமும் போனது. இத்தனை நாள் தன் கையாலேயே புருஷனுக்கு விஷம் கொடுத்திருக்கிறோம் என்ற ஆத்திரத்தில் டப்பாக்களை ஒவ்வொன்றாக அம்மிக்கல்லால் நசுக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை நம்பிக்கையோடு குழாயைக் காய்ச்சினாள்.

செங்கல்.

அக்காவின் கஷ்டத்தைப் பார்த்து அம்புரோஸுக்கு மனசு தாங்கவில்லை. அவன் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிவிடுகிற கம்பெனியில் வேலை பார்த்தான். சீமைச் சாமான் என்றால் சுத்தமாக இருக்கும் என்பது அவன் எண்ணம். ஒரு கப்பல் சமையல்காரனைப் பிடித்து, தக்காளிச் சாற்றில் போட்ட மீன் டப்பா ஆறு வாங்கிக்கொண்டு வந்தான். மீனும் தக்காளியும்தானே, இதில் என்ன இருக்கப் போகிறது என்றான். கூட வந்த ஹில்டா ஒரு டப்பாவைத் திருப்பினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் வியாகுலம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

மீனில் எவனாவது சர்க்கரை போடுவானா என்று அவள் கேட்டாள். போட்டிருக்கிறான் அக்கா என்றாள் ஹில்டா, தானே போட்டுவிட்டதைப் போலக் குரலை இறக்கி. அவ்வளவுதான். ஆறு டப்பாவும் தெருவுக்கு உருண்டன. பின்னாலேயே அம்புரோஸும் போக வேண்டியிருந்தது.

"உன் பேர்லயே கீதே சர்க்கரை. உன்ன உள்ள வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று வாசலில் நின்று சொன்னாள்.

தெருவே கேட்டது. அம்புரோஸ் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். ஹில்டா போகும்போது, இனிமேல் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

இதில் நஷ்டம் யாருக்கு என்று வியாகுலம்மாளுக்கு மறுநாள்தான் உறைத்தது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஹில்டா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிய அந்த ஓஸ் அவள் மனசில் பதிந்திருந்தது. வட்டம், பாம்பு, சீப்பு. ஒரு வட்டம், வளைந்த பாம்பு, மூன்று பல் சீப்பு. இந்த மூன்றும் வரிசையாகக் கடைசியில் வந்தால் சர்க்கரை. இதற்குப் படிப்பு எதற்கு என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தவசிமுத்து அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக அந்த முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார் தவசிமுத்து. அதிர்ந்து பேசாதவர். சனிக்கிழமை சாயங்காலம், கடை முன்னால் கூட்டம். வியாகுலம்மாள் தட்டில் இருந்த டப்பாவையெல்லாம் எடுத்து எடுத்துத் திருப்பினாள். வட்டம் பாம்பு சீப்பு வந்ததையெல்லாம் ஓரமாக அடுக்கினாள். இவள் என்ன செய்கிறாள் என்று கேட்ட பொம்பளைகளுக்கு விளக்கமும் சொன்னாள். சொன்னதும் அவர்களும் வாங்கினதைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி கையில் இருந்த பொட்டலத்தைத் திரும்ப வைத்தாள். இன்னொருத்தி, போன மாதம் தன் மாமியாருக்குக் கால் மரத்துப்போனது இதனால்தான் என்று ஆரம்பித்தாள். அண்ணாச்சி எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரமாக அடுக்கிய சாமான்களில் ஒரு பன்னீர் பாட்டில் இருந்தது. அதன் மேல் இங்கிலீஷில் ரோஸ் என்று போட்டிருந்தது. தலைக்குத் தேய்க்கிற ரோஸ் எண்ணெயும் இருந்தது. கடைசியாக அவள் தூக்கிப் பிடித்தது துணி சோப்புக் கட்டி. எல்லா உபயோகத்துக்கும் என்ற அர்த்தத்தில் ஆல் பர்ப்பஸ் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வார்த்தையின் கடைசியிலும் அதே வட்டம், பாம்பு, சீப்பு.

"இன்னா அண்ணாச்சி, சோப்புல கூடவா சர்க்கரை போட்டு விப்பே?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்த ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் கடை முழுக்கச் சிரித்தது. தவசிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. தராசைக் கீழே வைத்தார்.

"இருவது வருசமா இந்தக் கடையில ஒரு பய ஒரு சொல்லு சொன்னதில்ல. நீங்க சாமான் வாங்க வந்தியளா, சந்தி சிரிக்க வைக்க வந்தியளா? இனிமே இந்தப் படி ஏறாதீய தாயி."

அன்று முதல் உப்பு புளி வாங்க வேண்டுமென்றாலும் வியாகுலம்மாள் டோல்கேட்வரை நடந்தாள். நடக்க நடக்கப் பசித்தது. பசிக்கப் பசிக்கக் கோபம் ஏறியது. வீட்டில் இப்போது டப்பா என்று ஒன்றுமே கிடையாது. மீன், கீரை, முட்டை, பாகற்காய், உப்பு. இவற்றுக்கு மேல் எந்த எழுத்தும் இல்லை. அப்படியும் வெள்ளிக்கிழமை செங்கல்தான் வந்தது.

அன்றைக்கு அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. தன்னுடையதையும் பிடித்து எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினாள். நீலம் அப்படியே நீலமாக இருந்தது. ஒரே சட்டியில் தின்கிறோம், எனக்கு நீலம், அவருக்குச் செங்கல் என்றால் சர்க்கரை இந்த வீட்டிலேயே இல்லை. வெளியே இருக்கிறது. எங்கேயோ ஒளிந்து தின்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரைத் தனியாகப் பிடித்தாள். நற்கருணை அப்பத்தில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். கோதுமை மாவும் தண்ணீரும் என்றார் சாமியார். மாவு எந்தப் பொட்டலம், அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் மேலே கேட்டாள். சாமியார் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, மகளே, நீ கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்றார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஹார்பர் வாசல்தான். திங்கட்கிழமை மத்தியானம் தூக்குச் சட்டியோடு அங்கே போய் நின்றாள். அவள் ஒரு தடவை கூட அங்கே வந்ததில்லை. ஷெட் வாசலில் நாற்காலி. நாற்காலியில் சவரிநாதன். கையில் டீ கிளாஸ். வியாகுலம்மாள் லாரிகளுக்கு நடுவில் நேராகப் போய் அந்தக் கிளாஸைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். கசந்தது. சர்க்கரை போடாத டீ. கசந்ததில் இன்னும் கோபம் வந்தது. டீக்காரரைக் கூப்பிட்டு, மற்ற நாளில் எத்தனை ஸ்பூன் போடுவாய் என்று விசாரித்தாள். அவர் எப்பவும் சீனி வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று டீக்காரர் சத்தியம் பண்ணினார். சவரிநாதனின் சட்டைப் பையைத் துழாவினாள். ஒரு பென்சிலும் ஜெபமாலையும் கிடைத்தன. அதற்குள் சுமை தூக்குகிறவர்கள் ஒரு வளையமாகக் கூடிவிட்டார்கள்.

தலைக்கு மேலே கிரேன் நின்றுகொண்டிருந்தது. கயிறு கட்டிய மாதிரி மெலிந்த இரும்பு ஏணி, அதன் உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு. வியாகுலம்மாள் அதை இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறாள். கூண்டில் வேறு எவனோ உட்கார்ந்திருந்தான்.

"அங்க குந்த வேண்டியவன் இங்க குந்திகினு லாரி எண்ணிகினு கீறியே, உனக்கு ரோசமே இல்லையா?" என்று விரலை மேலே நீட்டிக் கேட்டாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்தார்கள். சவரிநாதன் மட்டும் பார்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, எதிரே நின்ற லாரியின் நம்பரை எழுதினார். அந்த லாரியின் நம்பரை அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். அழுகையும் கோபமான அழுகைதான். தம்பி போனான், ஹில்டா போனாள், அண்ணாச்சி கடை போனது, சாமியார் தன்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார், ஹார்பர் முழுக்கச் சிரிக்கிறது. இத்தனைக்கும் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

புதன்கிழமை டாக்டரிடம் போக வேண்டிய நாள். காலையில் சவரிநாதன் வழக்கம்போல் பாட்டிலில் பிடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் காய்ச்சிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மூணு மாசம் பார்த்தாச்சும்மா. சாப்பாட்டில் இறங்கவே இல்லை. இனிமேல் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் ஊசிதான். தினமும் போடணும்."

வியாகுலம்மாள் டாக்டரையும் விடவில்லை. மூன்று மாதம் பாகற்காய் தின்ற வயிற்றுக்கு என்ன பதில் என்று கேட்டாள். நீங்கள் படித்த புத்தகத்தில்தான் தப்பு என்றாள். ஊசி போட்டுக்கொண்டால் கிரேனில் ஏறலாமா என்று கேட்டாள். ஊசி போடுகிறவர்களை எப்போதுமே மேலே ஏற விடமாட்டார்கள் என்றார் டாக்டர். எப்போதுமே என்ற வார்த்தை அவளை அறைந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சண்டை போடுவார், மாட்டேன் என்பார், ஊசிக்குப் பயந்தாவது ஓர் உண்மையைச் சொல்லுவார் என்று நினைத்தாள்.

சவரிநாதனின் நெற்றியில் வேர்த்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "போட்டுக்கறேன்" என்றார்.

தினம் தினம் ஊசி குத்திக்கொள்ள ஒத்துக்கொள்கிற மனுஷன், ஒளிந்து தின்பதை மட்டும் விடமாட்டேன் என்கிறாரே என்று அவளுக்கு ஆறவே இல்லை. அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சீட்டைப் பிடுங்கிக்கொண்டு நேராகப் பக்ருதீன் பாய் கடைக்கு நடந்தாள்.

மத்தியான வெயிலில் கடையில் யாரும் இல்லை. பாய் சீட்டை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை படித்தார். ஊசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்டாக் இல்லையா என்று வியாகுலம்மாள் கேட்டாள். இருக்கிறது என்றார். அப்படியானால் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே என்றாள். முதலில் சவரிநாதன் அண்ணனோடு பேச வேண்டும், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் பாய். இதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஊரில் இருக்கிற கடைக்காரன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு தன் புருஷனைச் சாகடிக்கப் பார்க்கிறார்கள் என்றாள். உன்னுடைய நீலத் தண்ணீரே மோசடி, அதில் நீதான் எதையோ கலந்து விற்கிறாய் என்றாள். மருந்தை இப்போது எடுக்காவிட்டால் தெருவைக் கூட்டுவேன் என்று சொல்லி, சொன்னதோடு நிற்காமல் தெருப்பக்கம் திரும்பவும் செய்தாள்.

பக்ருதீன் சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யக்கா, இந்த ஊசியப் போட்டா அவரு பூடுவாரு, அவருக்குச் சர்க்கரையே கெடையாது. கிரேன் மேல ஏறுனா கை காலு வெடவெடன்னு ஆவுது, வூட்ல சொல்றதுக்கு அத்தவிடப் பயமா கீதுன்னு இதே எடத்துல நின்னு அயுதாரு, இப்ப வாராவாரம் பாட்டில்ல அவரே கலக்கறாரு, மொத டெஸ்ட்டு பாட்டில்ல ஒரு ஸ்பூன் குளுக்கோஸ நாந்தான் போட்டுக் குட்த்தேன்."